மேடையில் வேட்பாளர் மட்டும்

தேர்தல் கணிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் அமைப்பிலிருந்து கேட்டார்கள். கேட்காமல் எப்படி? கேரள எல்லையில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தேர்தல் கணிப்பு, தேர்தல் சீர்திருத்தம் என்று யார் என்ன தொடங்கினாலும் கடைசியில் என் வீட்டு முற்றத்தில் வந்துதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். கலெக்டர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கூடக் கழற்றியிருக்கிறார். கேபிள் சானல்காரர்கள் என் முகத்துக்குக் கீழே ‘தேர்தல் ஆய்வாளர்’ என்று எழுதிப் போடுவார்கள். என் படிப்பு ஆறாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிய முனைவர்கள் எல்லாரும் நான் வாயைத் திறந்ததும் பேனாவைத் திறந்தார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

நான் தொடங்கியது ஜீப்பில். மைக்கு கட்டிய ஜீப். அம்பூரி மலையில் ரப்பர் தோட்டங்களுக்குள்ளே ஏறும்போது மலையாளம், எல்லையோரம் இறங்கும்போது தமிழ். ஒரு வாக்கியத்தை அந்த மொழியில் தொடங்கி இந்த மொழியில் முடிப்பேன், கேட்கிறவனுக்கு மாறியதே தெரியாது. காலையில் ஒரு கட்சிக்கு, மதியம் அதை எதிர்க்கிற கட்சிக்கு. சாப்பாடு மட்டும் காலையில் பேசிய கட்சியின் ஆபீசில், அங்கே மீன்குழம்பு நன்றாக இருக்கும். செல்லப்பன் என்ற என் பெயர் அப்படித்தான் ‘மைக்கு செல்லப்பன்’ ஆனது.

ஜீப்பில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போனதில்தான் என் கணிப்பு முறை பிறந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் வீடு வீடாகப் போய் ‘யாருக்கு வோட்டுப் போடுவீர்கள்?’ என்று கேட்டு டேப்லெட்டில் தட்டுகிறீர்கள். நம் ஆட்கள் மரியாதைக்காரர்கள். வீடு தேடி வந்தவன் முகம் வாட விடமாட்டார்கள். ‘நம்மளுக்க வோட்டு உங்களுக்கு இல்லாம பின்ன ஆருக்கு?’ என்று மூன்று கட்சிக்காரனிடமும் சொல்லி அனுப்புவார்கள். அது பொய் இல்லை, உபசாரம். அதைப் போய் நீங்கள் கணக்கில் சேர்த்தால் எல்லாக் கட்சியும் ஜெயிக்கும்.

நான் பார்ப்பது வழியனுப்புவதை. வேட்பாளர் கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று கும்பிட்டால், அந்த வோட்டு இல்லை. வெளிக்கேட் வரை வந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். கூடவே நடந்து அடுத்த வீட்டு முற்றம் வரை போய், ‘எலே, ஆரு வந்திருக்கான்னு வந்து பாரு’ என்று அங்கே கூப்பிட்டாரானால் அந்த வோட்டு விழுந்துவிட்டது, மெஷின்தான் இன்னும் வரவில்லை. இவ்வளவுதான் என் முறை.

இனி, பஞ்சாயத்துத் தேர்தலில் நடந்த ஒரு காரியம் சொல்கிறேன். இதிலிருந்து உங்கள் தொழிலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைச் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

குன்னத்துகால் பக்கம் எல்லையை ஒட்டி ஒரு வார்டு. அங்கே மெம்பராக இருந்தவர் வில்சன். கெட்டவர் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடியும் வரை நிற்பவர், சாவு வீட்டில் முதல் ஆளாகப் பந்தல் கம்பைப் பிடிப்பவர். ஆனால் ‘பிறகு பாப்போம்’ என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டவர். அந்தத் தேர்தலில் சுழற்சி முறையில் அவருடைய வார்டு பெண்கள் வார்டாக மாறிவிட்டது. அவர் என்ன செய்தார்? எல்லாரும் செய்வதைத்தான். மனைவி புஷ்பலீலாவை நிறுத்தினார். போஸ்டரில் வில்சனின் முகம் பலாப்பழம் அளவுக்கு, ஓரத்தில் புஷ்பலீலாவின் முகம் நெல்லிக்காய் அளவுக்கு. வீடுகளுக்குப் போனால் அவர் முன்னால் நடந்து, ‘நான் தான் நிக்கேன்னு நினைச்சுக்கிடுங்க’ என்று சொல்லுவார். அவள் பின்னால் கும்பிட்டுக்கொண்டு வருவாள். எதிர்த்து நின்றவர் ரமணி டீச்சர். மலையாளத்தில் பேச ஆரம்பித்தால் வானொலி கேட்கிற மாதிரி இருக்கும்.

நானும் ஒரு நாள் அவர்கள் பின்னால் நடந்தேன். வில்சனை ஆண்கள் அடுத்த வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். என் முறைப்படி பார்த்தால் அவள் ஜெயித்தாயிற்று என்று எழுதிவிடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. வில்சன் நாலு வீடு தாண்டிப் போயிருப்பார். திரும்பிப் பார்த்தால் கூட வந்த வேட்பாளரைக் காணோம். ‘ஏட்டி புஷ்பம், எங்க போன?’ என்று சத்தம் போடுவார். அவள் முதல் வீட்டு அடுக்களையிலேயே இருப்பாள். அந்த வீட்டுப் பெண் அவளைப் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுப் பின்வாசலுக்குக் கூட்டிப் போவாள். அங்கிருந்து இன்னொருத்தி. முன்வாசலில் ஒரு தேர்தல் நடக்கிறது, பின்வாசலில் வேறொரு தேர்தல் நடக்கிறது. வேட்பாளருடைய வீட்டுக்காரருக்கே பின்வாசல் தேர்தல் தெரியாது. இதைப் பார்த்த பிறகுதான் என் கூட்டத்துக்கு அவள் வந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் கூட்டம் என்றால், அது நான் பல காலம் தொண்டை வறளக் கேட்டு வாங்கிய சீர்திருத்தம். வோட்டுக்கு முன் எல்லா வேட்பாளரும் ஒரே மேடையில் உட்கார வேண்டும். ஜனங்கள் நேராகக் கேட்க வேண்டும். மேடையில் வேட்பாளர் மட்டும்தான். கணவர் கூடாது, கட்சிச் செயலாளர் கூடாது. கேள்வி எந்த மொழியிலும் கேட்கலாம், பதில் எந்த மொழியிலும் சொல்லலாம். பெண் வேட்பாளரின் பெயரில் ஆண்கள் ஆளுவதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான். எந்தக் கட்சிக்கும் பிடிக்காது. ஒரு வார்டில் கலைந்தால் போதும், அடுத்த வார்டில் நடத்தவே விடமாட்டார்கள்.

நூலக முற்றத்தில் சின்ன மேடை. சாயங்கால வெயில். வேட்பாளர்களுக்கு இரண்டு நாற்காலி, எனக்கு ஒன்று. ரமணி டீச்சர் வந்து உட்கார்ந்தார். புஷ்பலீலா வந்து உட்கார்ந்தாள். நான் மைக்கைத் தட்டிப் பார்க்கிறேன், பின்னால் மரப்பலகை கிறீச்சிட்டது. திரும்பினால் என் நாற்காலியில் வில்சன்.

“மெம்பரே, இது வேட்பாளருக்க மேடையாக்கும்” என்றேன்.

“அண்ணே, ஒண்ணும் நினைக்காதீங்க. அவளுக்கு மலையாளம் தொண்டையில நிக்கும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல பிறந்து வளந்தவளாக்கும். நான் பக்கத்துல இருந்து எடுத்துக்குடுக்கேன், அவ்வளவுதான்.”

“அவ பேசுவா. நீரு இறங்கும்.”

“நானும் அவளும் ரெண்டா? கல்யாணத்துல போதகரு ரெண்டுபேரும் ஒண்ணுன்னு சொன்னது நீரு கேக்கல்லியா? பந்தியில முதல்ல இருந்து தின்னவருல்லா நீரு!”

கூட்டம் சிரித்தது. அதே நேரத்தில் டீச்சருடைய கட்சிக்காரர்கள் எழுந்தார்கள். “அவரு இருந்தா எங்க செயலாளரும் ஏறுவாரு” என்றான் ஒருவன். செயலாளர் ஏற்கெனவே ஒரு காலை மேடைப் படியில் வைத்திருந்தார். வில்சன் ஆட்கள் பதிலுக்கு எழுந்தார்கள். வேலைக்கு வந்திருந்த போலீஸ்காரர் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் மடித்த விதத்திலேயே தெரிந்தது, அடிதடி வந்தால் அவர் முதலில் காப்பாற்றப்போவது அந்தப் பொட்டலத்தைத்தான்.

எனக்கு உதவியாக உங்களைப் போல ஒரு படித்த பெண் வந்திருந்தாள். “சார், விதிமுறைப்படி கூட்டத்தை ரத்து பண்ணிரலாம்” என்று என் காதில் சொன்னாள். அவள் சொன்னது சரியான விதி. ஆனால் ரத்து என்பது இரண்டு கட்சிக்கும் கல்யாணச் சாப்பாடு. வில்சனை இழுத்து இறக்கினால் அவருடைய ஆட்கள் போய்விடுவார்கள், கூடவே புஷ்பலீலாவையும் கூட்டிப் போய்விடுவார்கள். அவரை அப்படியே இருக்க விட்டால் செயலாளரும் ஏறுவார். பிறகு வேட்பாளர்கள் இரண்டு பேரும் பூச்சட்டி மாதிரி இருப்பார்கள், ஆண்கள் பேசுவார்கள்.

நான் புஷ்பலீலாவைப் பார்த்தேன். அவள் கெஞ்சவில்லை. பஸ் வருமா வராதா என்று வளைவைப் பார்த்து நிற்பவர்கள் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி என்னைப் பார்த்தாள். வராவிட்டால் நடந்து போய்விடுவேன் என்கிற மாதிரியும் இருந்தது.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில்தான் ஒரு ஆளுடைய தரம் தெரியும். நான் யோசித்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். மைக்கை எடுத்தேன். ஜீப்பில் பேசிய அந்தப் பழைய குரலை எடுத்தேன்.

“அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நம்முடைய வார்டின் மெம்பராக அஞ்சு வருசம் சேவை செய்த பிரியப்பட்ட வில்சன் அவர்கள் நம் அழைப்பு இல்லாமலேயே மேடைக்கு வந்து பெருமைப்படுத்தியிருக்கிறார்கள். வேட்பாளர்களிடம் கேட்பதற்கு முன்னால், அந்த அஞ்சு வருசத்தைப் பற்றி அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டு முடிப்போம். வரிசையாக வாருங்கள்!”

வில்சன் எழுந்து கும்பிட்டார். கைதட்டல் கிடைத்தது. நான் நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்தார். படியில் வைத்த காலைச் செயலாளர் மெதுவாக எடுத்துவிட்டார். அவர் முன்பு வேறு வார்டில் மெம்பராக இருந்தவர், நடக்கப்போவது அவருக்கு முதலில் புரிந்துவிட்டது.

வரிசை வந்தது. ரேஷன் கடையில்கூட அப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை.

“எங்க வளைவுல லைட்டு போட்டது உண்டு மெம்பரே. அது எரிஞ்சது உண்டா?”

“அது கரண்டு ஆபீஸ்காரனுக்க காரியம்லா...”

“பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட்டுத் தந்தீரு, சந்தோசம். பஸ்ஸு எங்க?”

“அது டிப்போவுல சொல்லணும்.”

“நீரு சொன்னீரா?”

“சொல்லணும்னுதான் சொல்லுதேன்.”

சிரிப்பு அடங்குவதற்குள் தங்கம்மை வந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறவர். அவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோ நுழையாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டுமானால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி நாலு பேர் ரோடு வரை தூக்கவேண்டும்.

“மெம்பரே, போன மழையில தூக்கினவன் வழுக்கி விழுந்தான். இவரும் விழுந்தாரு. வழிய அகலப்படுத்தித் தாறேன் தாறேன்னு எத்தனை தடவை சொன்னீரு? இன்னைக்கு எல்லாருக்க முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லும். தருவீரா, தரமாட்டீரா?”

வில்சன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். முன்னால் பார்த்தார், வரிசை இன்னும் நூலகக் கேட்டைத் தாண்டி நின்றது. அவர் மைக்கைத் தன் வாயிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“அது... இனி வரப்போற மெம்பருக்க காரியமல்லியா? நான் எப்படிச் சொல்ல? இவளட்ட கேளுங்க” என்று மைக்கை மனைவி கையில் கொடுத்தார்.

நான் பிடுங்கவில்லை. போலீஸ் பிடுங்கவில்லை. அவரே கொடுத்தார். உட்காரக் கூடாத இடத்தில் ஒருவன் உட்கார்ந்தால் அவனைத் தள்ளாதீர்கள். அந்த இடத்துக்கு உள்ள பொறுப்பை அவன் மடியில் வையுங்கள். மைக்கைத் தானாகக் கொடுப்பான். இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர ஆளில்லை.

புஷ்பலீலா எழுந்தாள். “அக்கா...” என்று தொடங்கினாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், “மலையாளத்தில் பற சேச்சி!” என்று கத்தினான்.

“தங்கம்மை அக்கா தமிழுல கேட்டா. அவளுக்குத் தமிழுல சொல்லுதேன். நீங்க மலையாளத்துல கேளுங்க, உங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச மலையாளத்துல சொல்லுவேன். சிரிக்கப்பிடாது.”

அவன் விடவில்லை. இப்போது அவனே தமிழுக்கு வந்துவிட்டான். “உனக்க தாய்வீடு அந்தப் பக்கம். கால்வாயில தண்ணி வந்தா அங்கோட்டு திருப்பி விட்டுருவ!”

நான் மைக்கைப் பிடிக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தண்ணி முதல்ல இங்க வரட்டு அண்ணே. வராத தண்ணிய நான் எங்க திருப்ப?”

கூட்டம் குலுங்கியது. கேட்டவனும் சிரித்துவிட்டான். ரமணி டீச்சரே வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு முடியும் வரை புஷ்பலீலா நின்றாள். பிறகு தங்கம்மையின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்த வழி ஏன் அகலமாகல்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் கூச்சம். ரெண்டு பக்கமும் கிடக்க மண்ணு எங்க வீட்டு மண்ணாக்கும். அவரு தரமாட்டேன்னு சொன்னதில்ல. பிறகு பாப்போம்னு சொல்லி அப்படியே போச்சு. இப்ப நான் சொல்லுதேன். ஆட்டோ போற அகலத்துக்கு விட்டுத் தாறோம். ஜெயிச்சாலும் தாறோம், தோத்தாலும் தாறோம்.”

அதற்குள் செயலாளருக்கு மூளை வேலை செய்தது. “இது வோட்டுக்குக் குடுக்க லஞ்சமாக்கும், கைக்கூலி! எழுதி வையுங்க செல்லப்பண்ணே!” என்று குதித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நான் தடுமாறியிருந்தால் அவளுடைய வாக்கும் போயிருக்கும், என் கூட்டமும் போயிருக்கும். நான் சொன்னேன்: “செயலாளரே, வோட்டுப் போட்டாத் தாறேன்னு சொன்னா அது கைக்கூலி. தோத்தாலும் தாறேன்னு சொன்னா அதுல வியாபாரம் எங்க இருக்கு? உங்க டீச்சருக்கு வோட்டுப் போட்டுட்டும் அந்த வழியில நடக்கலாம்லா!”

செயலாளர் உட்கார்ந்தார். ஆனால் வில்சன் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“ஏட்டி! ஆருட்ட கேட்டுச் சொல்லுத? அது எனக்க அம்மைக்க பேருல கிடக்க மண்ணாக்கும்!”

“அம்மைட்ட கேட்டாச்சு” என்றாள் புஷ்பலீலா.

கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. இரண்டாவது வரிசையில் வில்சனின் அம்மா உட்கார்ந்திருந்தார். தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைச் சேலை, கையில் விசிறி. அவர் எழுந்திருக்கவில்லை. விசிறுவதை மட்டும் நிறுத்தினார்.

“எலே வில்சா, அவ பேசட்டு. நீ கீழ இறங்குலே.”

வில்சன் இறங்கினார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ரமணி டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் முறை வந்ததும், “ஜெயிச்சாலும் தோற்றாலும் ஆ வழி வெட்டான் ஞானும் வரும்” என்று மலையாளத்தில் சொன்னார், வழி வெட்ட நானும் வருவேன் என்று. அவருக்கும் பெரிய கைதட்டல். அன்றைக்கு அங்கே இரண்டு பெண்கள் பேசினார்கள், ஊர் கேட்டது. நான் இத்தனை காலம் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த நாளிலிருந்து வில்சன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கோபம். அவர் வராததால் கட்சிக்காரர்களும் பாதிப்பேர் வரவில்லை. புதிய போஸ்டர் ஒட்ட ஆள் இல்லை. ‘செல்லப்பன் அந்தக் குடும்பத்தைக் கெடுத்தான்’ என்றுகூடப் பேச்சு வந்தது. நான் போய் வில்சனைப் பார்த்தேன்.

“இறங்கும் மெம்பரே, அவ தனியா நடக்கா.”

“அவளுக்கு என்னத்துக்கு நான்? அவதான் பேசுவாளே. பேசட்டு.”

“தோத்துட்டா?”

அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய போஸ்டர் தட்டியைப் பார்த்தார். பிறகு, “தோத்தா எனக்க முகம்தான் போகும்” என்றார்.

“ஜெயிச்சா?”

அவர் எழுந்து அந்தத் தட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அதுதான் அவருடைய கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தோற்றால் ஊருக்கு முன்னால் அவமானம். ஜெயித்தால் வீட்டுக்குள்ளே தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வயது வந்த ஒரு ஆளுக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை, சிரிக்காதீர்கள்.

புஷ்பலீலா தனியாகவே நடந்தாள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். பின்வாசல் பெண்கள் இப்போது முன்வாசல் வழியாக வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் திரும்பிப் போகவேயில்லை, கூடவே நடந்தார்கள். கூட்டம் வளர்ந்து வளர்ந்து, கடைசி வீட்டில் முற்றம் கொள்ளாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றார்கள். சானல்காரன் வந்து, “அண்ணே, யார் ஜெயிப்பா?” என்று மைக்கை நீட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. வோட்டுப் பதிவு முடியும் வரை கணிப்பு சொல்லக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். பொது இடத்தில் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வோட்டு மெஷினைப் பூட்டிய மறுநிமிடம் ‘புஷ்பலீலா’ என்று சொன்னேன். அப்படியே நடந்தது. வேறு எப்படி நடக்கும்?

முடிவு வந்த மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாழ்த்துச் சொல்லத்தான். கணிப்பைப் பற்றி ஒரு வார்த்தை நானும் சொல்லலாம் என்று இருந்தேன். முற்றத்தில் ஏற்கெனவே ஆட்கள். முதல் ஆளாகத் தங்கம்மை.

“மெம்பரே!” என்று அவள் கூப்பிட்டாள்.

வில்சன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். “ஆ, சொல்லு அக்கா, என்ன காரியம்?” என்று படியில் நின்றார். தங்கம்மை அவரைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். மீதிப் பொத்தான்களைப் போடாமலேயே அவர் கை நின்றுவிட்டது.

கோபித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு கணிப்பு எனக்குத் தவறிப்போனது. அவர் அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊர் கேட்கக் கூப்பிட்டார்:

“மெம்பரே! ஆளு வந்திருக்கு.”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு புஷ்பலீலாவின் குரல்: “இருக்கச் சொல்லுங்க, வாறேன்.”

வில்சன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டார். முதலாவதைத் தங்கம்மைக்கு. எனக்குக் கடைசியில்தான் கிடைத்தது.

“உம்ம கணிப்புக் கதையெல்லாம் பிறகு கேப்போம் அண்ணே. முதல்ல வந்தவங்க பேசட்டு” என்றார்.

உட்கார்ந்தேன்.